வீட்டுக்கடன் தர "பழைய கடனை முடித்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள்: எதை, எப்போது, எந்தக் காகிதத்தோடு முடிப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். 48 லட்ச ரூபாய்க்கு வீடு பேசியிருக்கிறீர்கள். 9% வட்டியில் 20 ஆண்டுக்கு 35 லட்சம் தர வங்கி சாங்ஷன் லெட்டர் (கடன் அனுமதிக் கடிதம்) கொடுத்துவிட்டது. கையில் வரும் சம்பளம் மாதம் 80,000. கார் கடனில் பாக்கி 3.1 லட்சம், தவணை 8,200. பர்சனல் லோனில் பாக்கி 2.4 லட்சம், தவணை 9,600. கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது. பட்டுவாடாவுக்கு (வங்கி கடன் தொகையைக் கொடுப்பதற்கு) முன் பர்சனல் லோனையும் கார்டு பாக்கியையும் முடித்து ஆதாரம் தர வேண்டும் என்பது நிபந்தனை. கொடுத்த அட்வான்ஸையும் சேர்த்து உங்கள் பணம் 20 லட்சம். பெரிய கடனான காரை விட்டுவிட்டு மற்ற இரண்டை ஏன் கேட்கிறார்கள், வீட்டுக்கடன் வந்த பிறகு முடித்தால் ஆகாதா, பணம் குறைந்தால் மைத்துனரிடம் வாங்கலாமா அல்லது நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: வங்கிக்கு உண்மையில் எது தேவை?

நீங்கள் கடனே இல்லாதவராக இருக்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கவில்லை. மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து வெளியே போகும் தவணைகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடன் பிரிவில் இந்த விகிதத்தை எஃப்ஓஐஆர் (FOIR, வருமானத்தில் தவணைகளின் பங்கு) என்பார்கள். உங்கள் சம்பள அளவுக்கு 50% என்று வைத்திருப்பதாகக் கொண்டால், எல்லாத் தவணையும் சேர்ந்து 40,000-ஐத் தாண்டக் கூடாது. கார் 8,200, பர்சனல் லோன் 9,600. கார்டு பாக்கிக்குத் தவணை கிடையாது என்பதால் பாக்கியில் 5%-ஐ மாதச் சுமையாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம், அது 3,000. மொத்தம் 20,800. மிச்சம் 19,200. 9% வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 900 ரூபாய். ஆக, இன்றைய நிலையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 21 லட்சத்துச் சொச்சம். பர்சனல் லோனும் கார்டும் போய்விட்டால் மிச்சம் 31,800, அதற்கு 35.3 லட்சம் வரும். உங்கள் 35 லட்சம் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் அந்த எண்ணுக்கே அடிப்படை இல்லை.

காரை ஏன் விட்டார்கள் என்பதற்கும் பதில் இதே கணக்கில் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் கட்டினால் எவ்வளவு தவணை ஒழிகிறது என்று பாருங்கள். கார்டில் 5,000, பர்சனல் லோனில் 4,000, காரில் சுமார் 2,650. காரை முடிக்க 3.1 லட்சம் கொட்டினாலும் 8,200 தான் விடுபடும், 2.4 லட்சத்தில் பர்சனல் லோனை முடித்தால் 9,600 விடுபடுகிறது. வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது நல்ல அறிவுரைதான், ஆனால் வீட்டுக்கடன் தகுதிக்கு உதவுவது அது இல்லை. பாக்கி குறைவாகவும் தவணை அதிகமாகவும் இருக்கும் கடனை அடைப்பதுதான். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே திசையில் போகின்றன. எல்லோருக்கும் அப்படி அமையாது.

இங்கே எது விதி, எது வழக்கம் என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். எஃப்ஓஐஆர் 50% என்பது ரிசர்வ் வங்கி விதி அல்ல. மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்குத்தான் குடும்ப வருமானத்தில் 50% என்ற உச்சவரம்பை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. வீட்டுக்கடனுக்கு ஒவ்வொரு நிறுவனமும் சொந்தக் கொள்கை வைத்திருக்கிறது. சம்பளம் ஏற ஏற 40-லிருந்து 60 வரைகூடப் போகும். கார்டுக்கு 5% என்பதும், ஆறு தவணைக்குக் குறைவாக மிச்சமிருக்கும் கடனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் அப்படியே. ஆகவே "என் கணக்கில் எந்த விகிதம் வைத்தீர்கள், எந்தெந்தக் கடனைச் சேர்த்தீர்கள்" என்று கடன் அதிகாரியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வது எதற்கும் ஆகாது. மாறாக, வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90%, 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கும் மேல் 75%. உங்கள் 35 லட்சம் 48 லட்சத்தில் 73% தான், அங்கே சிக்கல் இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வீட்டு மதிப்பில் சேராது, அது முழுக்க உங்கள் கைப்பணம்.

இனி பணம் போதுமா என்று பார்ப்போம். வீட்டுக்கு நீங்கள் போட வேண்டியது 13 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 4.32 லட்சம் (அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு 48 லட்சத்துக்கு மேல் இருந்தால் இன்னும் கூடும்). ஆக 17.32 போக மிச்சம் 2.68 லட்சம். முடிக்க வேண்டியது பர்சனல் லோன் 2.4, கார்டு 0.6. இதோடு எல்லோரும் மறந்துவிடுவது ஃபோர்க்ளோஷர் கட்டணம். பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் முன்கூட்டி முடித்தால் பாக்கியில் 2 முதல் 5% வரை கேட்பார்கள். 4% என்றால் 9,600, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 1,728, மொத்தம் 11,328. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தனிநபர் தொழில் சாராத தேவைக்கு வாங்கிய மிதக்கும் வட்டி (சந்தைக்கேற்ப மாறும் வட்டி) கடனுக்கு முன்கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நிலையான வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லாம் சேர்த்தால் 3.11 லட்சம் வேண்டும். சுமார் 43,000 துண்டு விழுகிறது. பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்திரங்களை வங்கியில் ஒப்படைப்பதைப் பதியும் செலவு ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை.

இந்தத் துண்டுக்குப் பதறி நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கையிருப்பில் முதலிடம் பர்சனல் லோனுக்கு (எந்த நாளில் முடிப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்). அது முடிந்த மறு மாதமே 9,600 உங்கள் சம்பளத்தில் மிஞ்சும். கார்டில் கையில் உள்ளதைக் கட்டிவிட்டு மீதியை அடுத்த இரண்டு சம்பளத்தில் தீர்த்தால் போதும். சாங்ஷன் லெட்டரில் செல்லுபடிக் காலம் போட்டிருக்கும், அதற்கும் உங்கள் கிரைய ஒப்பந்தத்தின் கெடுவுக்கும் எது முன்னால் வருகிறதோ அதற்குள் முடிய வேண்டும். அவ்வளவு நாள் இல்லை என்றால், கடன் காலத்தை 25 ஆண்டாக்கித் திருத்திய சாங்ஷன் கேளுங்கள். 35 லட்சத்துக்குத் தவணை 31,490-லிருந்து 29,372 ஆக இறங்கும். அப்போது காரோடு சேர்த்து 40,000-க்குள் நிற்க, கார்டில் சுமார் 48,000 வரை பாக்கி இருந்தாலும் கணக்கு இடிக்காது. இதற்கு விலை உண்டு: 25 ஆண்டும் அப்படியே கட்டினால் 12.5 லட்சம் கூடுதலாகப் போகும். வீட்டுக்கடன் மிதக்கும் வட்டியில் இருந்தால் பிற்பாடு கட்டணமின்றி முன்கூட்டிக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஓய்வு வயதைத் தாண்டி அவர்கள் காலம் நீட்ட மாட்டார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகை அடகு பற்றி. நகைக்கடனும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு (யாருக்கு என்ன கடன் இருக்கிறது என்று பதிவு வைக்கும் சிபில் போன்றவை) போகிறது. பட்டுவாடாவுக்கு முன் வங்கி உங்கள் சிபில் அறிக்கையை மறுபடி எடுக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு கடன் முளைத்திருந்தால் கோப்பு மீண்டும் கடன் அதிகாரி மேசைக்குப் போகும். சில நிறுவனங்கள் நகைக்கடனின் வட்டியை மட்டும் சுமையாக எடுக்கும், சில அதைக் கண்டுகொள்ளாது. முன்கூட்டிச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்காமல் செய்யக் கூடாது. உபயோகத்தில் இல்லாத நகையை விற்பது இந்த நேரத்தில் அடகைவிடச் சுத்தமான வழி, மனசுக்குக் கஷ்டமானாலும்.

மைத்துனரிடம் வாங்குவது கடனா, அன்பளிப்பா என்பதை முதலில் நீங்கள் இருவரும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பு என்றால் வரிச் சிக்கல் இல்லை: வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் மனைவியின் சகோதரரும் உண்டு, தொகை எவ்வளவானாலும் உங்களுக்கு வரி கிடையாது. நண்பர் தந்தால் ஆண்டில் மொத்தம் 50,000-ஐத் தாண்டியதும் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். அவர் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராக வர வேண்டும், "திருப்பித் தர வேண்டியதில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வேண்டும். உண்மையில் திருப்பித் தரப் போகும் பணத்துக்கு அப்படிக் கடிதம் வாங்காதீர்கள். அது வங்கிக்குப் பொய்த் தகவல். கடன் என்றால் வங்கியிடம் கடன் என்றே சொல்லுங்கள், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்கவும் கூடாது, ரொக்கமாகத் திருப்பவும் கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ரொக்கத்தைக் கணக்கில் போட்டு அதை வைத்துக் கடனை முடிப்பதுதான் மிக மோசமான வழி. கடன் முடிந்துவிடும், "இந்த டெபாசிட் ஏது" என்ற கேள்வி எழுந்து நிற்கும்.

வீட்டுக்கடன் வந்த பிறகு முடிக்கலாமா? உங்கள் லெட்டரில் "பட்டுவாடாவுக்கு முன்" என்று இருப்பதால் முடியாது. வீட்டுக்கடன் தொகை உங்கள் கைக்கு வராது, காசோலையோ டிடியோ விற்பவர் பெயரில்தான் போகும். அதிலிருந்து எடுத்துப் பர்சனல் லோனைக் கட்டும் வழியே இல்லை. "முடித்துவிடுவேன்" என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஏற்றுப் பட்டுவாடா செய்வதும் நடக்கிறது, ஆனால் அது அவர்கள் விருப்பம். கேட்டுப் பார்க்கலாம், நம்பிக் கிரையத் தேதி குறிக்கக் கூடாது.

வரிசைதான் இந்த விஷயத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. லெட்டர் வந்த சூட்டிலேயே கடன்களை முடித்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து வக்கீல் கருத்து வருகிறது: மூலப்பத்திரம் இல்லை, வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் தீராமல் நிற்கிறது, கட்டட அனுமதிக்கும் கட்டியதற்கும் பொருத்தமில்லை. அல்லது மதிப்பீட்டாளர் 48-க்குப் பதில் 42 என்று எழுதிவிடுகிறார். கடன் அடைந்தது நஷ்டமில்லைதான், ஆனால் கைப்பணம் கரைந்து, ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு வழி தேட வேண்டியிருக்கும். ஆகவே வீட்டின் லீகலும் மதிப்பீடும் தேறிவிட்டன என்று வங்கி எழுத்தில் சொன்ன பிறகு பர்சனல் லோனை முடியுங்கள். கார்டுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம், எப்படியும் தீர்க்க வேண்டிய பணம் அது.

முடிக்கும் முறையில் சில நுணுக்கங்கள். பர்சனல் லோனில் முதல் ஆறு அல்லது பன்னிரண்டு தவணைக்குள் முடிக்க விடாத லாக்-இன் இருக்கலாம், முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிறகு ஃபோர்க்ளோஷர் லெட்டர் கேளுங்கள். எந்தத் தேதி வரை எவ்வளவு, அதற்குப் பின் நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். சில நாள் தாண்டிக் கட்டினால் சில நூறு ரூபாய் குறையும், அந்தச் சில நூறுக்காகக் கணக்கு மூடாமல் கிடக்கும். ஆப்பில் போய்ப் பாக்கித் தொகையைத் தூக்கிப் போட்டுவிட்டால் கடன் முடிந்துவிடாது. முடிக்கச் சொல்லிக் கோரிக்கை பதியவில்லை என்றால் அது முன்தவணையாக ஒதுங்கி நிற்கும், மாதாமாதம் அதிலிருந்து தவணை கழியும். பாதியை மட்டும் கட்டுவதிலும் இதே போன்ற பொறி: பகுதித் தொகை கட்டினால் பெரும்பாலும் காலத்தைத்தான் குறைப்பார்கள், தவணை 9,600 அப்படியே இருக்கும். எஃப்ஓஐஆருக்கு ஒரு பைசா பயனில்லை.

கார்டில் லெட்டரின் வார்த்தையைக் கூர்ந்து படியுங்கள். "பாக்கியைத் தீர்க்கவும்" என்றால் பாக்கியைப் பூஜ்யமாக்கினால் போதும். கார்டையே ரத்து செய்ய வேண்டாம், பழைய கார்டு போனால் உங்கள் கடன் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம். "கார்டை மூடவும்" என்றால் மூடத்தான் வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்ட 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. கார்டில் பாக்கியைச் சுழற்றிக்கொண்டிருந்தால், பில் தொகையை முழுக்கக் கட்டிய பிறகும் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் வரும். ஆகவே ஒரு பில் தள்ளிப் பார்த்து, பூஜ்யம் என்று வந்த பில்லைக் கொடுங்கள். கார்டிலேயே இஎம்ஐ ஆக மாற்றிய பொருட்கள் இருந்தால் அவற்றைத் தனியே முடிக்க வேண்டும்.

பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு "செட்டில்மென்ட்" மட்டும் செய்துவிடாதீர்கள். அறிக்கையில் "முடிந்தது" என்று வருவதற்குப் பதில் "செட்டில்டு" என்று விழும். கடனை முழுதாகக் கட்டாதவர் என்று அதற்குப் பொருள். நிபந்தனையை நிறைவேற்றப் போய்ச் சாங்ஷனையே இழப்பீர்கள்.

ஆதாரமாகக் கொடுக்க வேண்டியவை: நிலுவையில்லாச் சான்று, பூஜ்யம் காட்டும் கடன் கணக்கு அறிக்கை, பணம் போன யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) உள்ள உங்கள் வங்கி அறிக்கை. சான்று வரச் சில நாள் ஆகலாம், அதுவரை மற்ற இரண்டையும் கொடுத்து வேலையை நகர்த்தச் சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் இவை போதும். சிபில் அறிக்கையிலேயே முடிந்ததாகக் காட்ட வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் தேதி முக்கியம். 2025 ஜனவரியில் வந்த விதிப்படி கடன் விவரங்களைக் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை, மாதத்தின் 15-ஆம் தேதி, கடைசித் தேதி நிலவரப்படி கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் (2026 ஜூலை முதல் இந்த இடைவெளி இன்னும் குறைவு, அதனால் இப்போதைய தேதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்). அனுப்ப 7 நாள், பதிவேற்ற 5 நாள் அவகாசம். அந்த 15 நாள் முறையில் 13-ஆம் தேதி முடித்தால் 27-ஆம் தேதிவாக்கில் தெரியும். 16-ஆம் தேதி முடித்தால் அடுத்த மாதம் 12 வரை ஆகலாம். மூன்று நாள் தள்ளிக் கட்டியதற்கு இரண்டு வாரம் போய்விடும்.

ஒரு நாள் ஒதுக்கி, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்துச் சாங்ஷன் லெட்டரோடு ஒப்பிடுங்கள். எப்போதோ முடித்த ஃபோன் தவணை இன்னும் உயிரோடு இருக்கும். யாருக்கோ ஜாமீன் போட்ட கடன் உங்கள் பெயரில் நிற்கும். தவறு என்றால் புகார் செய்யுங்கள், 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் கிரைய ஒப்பந்தக் கெடு 90 நாள் என்றால் அந்த 30 நாளே பெரிய இழப்பு, இன்றே தொடங்குங்கள். சம்பளப் பட்டியலில் பிடிக்கும் கூட்டுறவுச் சங்கக் கடன் இந்த அறிக்கையில் வராமல் போனாலும் வங்கி அதைப் பட்டியலில் பார்த்துச் சேர்த்துவிடும், அதை ஒளிக்க முடியாது.

பர்சனல் லோன் முடிந்ததும் அதன் தவணைக்குப் போட்ட நாச் மாண்டேட்டை (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை) ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். முடிந்த கடனுக்கும் அடுத்த மாதம் 5-ஆம் தேதி தவணை இழுக்கப்படுவது உண்டு. கணக்கில் பணம் இருந்தால் 9,600 போய்த் திரும்பி வர அலைய வேண்டும். கிரையத்துக்காக எல்லாப் பணத்தையும் டிடி எடுத்துவிட்டுக் காலியாக வைத்திருந்தால், பட்டுவாடாவுக்கு முந்தைய நாள் உங்கள் வங்கி அறிக்கையில் ஒரு பவுன்ஸ் (பணமில்லாமல் திரும்பிய தவணை) விழும்.